வெடித்த இடத்தில் மிஞ்சும் துகள்: வெடிபொருள் எச்சத்தைக் கண்டறிவது எப்படி? வடசென்னை மண்ணை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் சாலையில் ஒரு சாவு ஊர்வலம் கடந்துபோன மறுநாள் காலை, சாமந்தி இதழ்களுக்கும் கிழிந்த சரவெடிக் காகிதத்துக்கும் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி மண் அள்ளி வந்தேன். வகுப்பில் அதைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு சொட்டு விட்டு, மேலே, நைட்ரேட் இருந்தால் நீலமாகும் டைஃபீனைலமீன் கரைசல் ஒரு சொட்டு சேர்த்தேன். சில நொடிகளில் கருநீலம் ஆகிவிட்டது. பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், அப்போ அந்த ரோட்டுல நடந்தவங்க செருப்பை எல்லாம் எடுத்துப் பார்த்தா, எல்லாருமே பாம் வச்சவங்களா?"

இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வியே அதுதான். எச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு கரைசல் போதும். அது என்ன எச்சம், எங்கிருந்து வந்தது, வேறு வழியில் வந்திருக்க முடியுமா என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு படிகள். பழைய வண்ணாரப்பேட்டையில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் நான். சட்டம் படிக்கிற பிள்ளைகள், எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறவர்கள், நீதிமன்றச் செய்தி எழுதப் போகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே முதல் படியிலிருந்து எழுதுகிறேன்.

சென்னைக்கு இந்த வேலை புதிதில்லை. இந்தியாவின் முதல் அரசு வேதியியல் பரிசோதனைக் கூடம் 1849ல் இங்கேதான் தொடங்கியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலைக்குப் பிறகு, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அப்போதைய இயக்குநர் பேராசிரியர் பி. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித்துண்டுகள், கம்பிகள், எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அது இடுப்பில் கட்டப்பட்ட குண்டு என்று நிறுவினார். அந்தப் பொறுமைதான் இந்த வேலைக்கு வேண்டியது.

படிகளைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துக்கொள்வோம். வியாசர்பாடியில் ஒரு காயலான் கடை. மதியம் மூன்று மணிக்குப் பெரிய சத்தம். தகர ஷெட்டின் பாதி போய்விட்டது. இரண்டு பேரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தெருவில் கூட்டம். அதற்குள் யாரோ "நாட்டு வெடிகுண்டு" என்று சொல்லியாகிவிட்டது.

முதல் படி: யாரும் உள்ளே போகக் கூடாது

தடயவியல் ஆய்வாளருக்கு முன்னால் போக வேண்டியது வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவு. வெடிக்காத இன்னொன்று கிடக்கலாம். காயலான் கடையில் காஸ் சிலிண்டர், பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர், எண்ணெய்க் கசடு ஒட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஆபத்துக்குக் குறைவில்லை. அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகே மற்றவர்கள்.

எல்லைக் கயிற்றை எங்கே கட்டுவது? வெடிப்பின் மையத்திலிருந்து மிகத் தூரத்தில் கிடக்கும் துண்டு எவ்வளவு தூரமோ, அதைப்போல ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. கடைசித் துண்டு 40 மீட்டரில் கிடந்தால் கயிறு 60 மீட்டரில். வியாசர்பாடி சந்தில் 60 மீட்டர் என்றால் நாற்பது வீடு உள்ளே வந்துவிடும். அது கஷ்டம்தான். ஆனாலும் செய்ய வேண்டும். மாடிகளையும் மறக்கக் கூடாது. பக்கத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்த ஒரு துண்டு முழு வழக்கையும் மாற்றலாம்.

இரண்டாம் படி: எப்படி வெடித்தது என்று இடத்தையே கேட்பது

கையில் எதையும் எடுக்குமுன் சுவர்களைப் பாருங்கள். சமையல் காஸ் கசிந்து பற்றிக்கொண்டிருந்தால், அது அறை முழுக்கப் பரவிய வெடிப்பு. சுவர்கள் மொத்தமாக வெளிப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும், குறிப்பிட்ட ஓர் இடத்தில் பள்ளம் இருக்காது. சிலிண்டரே கிழிந்திருந்தால் தகடு இதழ் இதழாக விரிந்து பெரிய துண்டுகளாகக் கிடக்கும்.

ஓர் இடத்தில் குவிந்திருந்த வெடிபொருள் என்றால் கதை வேறு. பள்ளம் இருக்கும், அல்லது ஒரு மேஜையோ இரும்புத் தகடோ அந்த ஓர் இடத்தில் மட்டும் நொறுங்கியிருக்கும். இதிலும் இரண்டு வகை. கருமருந்து போன்றவை ஒலியின் வேகத்துக்குக் கீழே, மிக வேகமாக எரிந்து, அடைத்துவைத்த கொள்கலனைப் பிளக்கின்றன. டிஎன்டி, ஆர்டிஎக்ஸ் போன்றவற்றில் அதிர்ச்சி அலையே பொருளுக்குள் ஓடுகிறது. டிஎன்டியில் அது நொடிக்கு ஏறக்குறைய 6,900 மீட்டர். முதல் வகை தள்ளும், கிழிக்கும். இரண்டாம் வகை நொறுக்கும். பக்கத்து இரும்பில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழும்.

வீடியோவும் புகைப்படமும் இந்தக் கட்டத்திலேயே எடுத்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. 176ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு.

மூன்றாம் படி: பின்னணி மாதிரி

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமான படி இதுதான். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. வெடித்த இடத்து மண்ணை மட்டும் எடுத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. வெடிப்பு தொடாத, அதே தெருவின் மண்ணையும் எடுத்து ஒப்பிட வேண்டும். வடசென்னையில் ஏன் இது உயிர்நாடி என்று சொல்கிறேன்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் படியவைக்கிறது. குளோரைடும் சல்பேட்டும் எந்தச் சுவரைத் துடைத்தாலும் வரும். மழை நின்ற பிறகு சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். இந்த வகைப் பொருட்கள் சிதையும்போது குளோரேட் உண்டாகும். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கழிவுநீரின் அம்மோனியமும், அதைப் பாக்டீரியா மாற்றிய நைட்ரேட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இந்த இரண்டு அயனிகளையும் மட்டும் பார்த்துவிட்டு, உரத்திலும் வெடிபொருளிலும் பயன்படும் "அம்மோனியம் நைட்ரேட்" என்று எழுதினால், கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆகிவிடுவார்கள்.

அதே சமயம், உண்மையான அம்மோனியம் நைட்ரேட்டும் நம் பகுதிக்கு வந்திருக்கிறது. 2015ல் சுங்கத்துறை கைப்பற்றிய 697 டன், 37 கன்டெய்னர்களில் மணலியில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே பொருள் வெடித்த பிறகுதான் அந்தச் செய்தி பெரிதாகி, ஏலம் போனது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அந்த நாட்களில் மணலியில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஆகவே "எல்லாம் கால்வாய்த் தண்ணீர்தான்" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டையும் பிரித்துச் சொல்லக் கருவிகள் இருக்கின்றன, கீழே வருகிறேன்.

அப்புறம் பட்டாசு. தீபாவளிக்கு மட்டுமா நம் ஊரில் வெடி? சாவுக்கு, கோயில் திருவிழாவுக்கு, கட்சித் தலைவர் வருகைக்கு, வேர்ல்ட் கப் ஜெயித்தால். கந்தகம், நைட்ரேட், பெர்குளோரேட், அலுமினியம் எல்லாம் தெருப் புழுதியில் கலந்தே இருக்கின்றன. 2018ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. ஆனாலும் பழைய புழுதியில் பேரியம் இருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆகவே வியாசர்பாடிக் கடையில் குறைந்தது இவ்வளவு பின்னணி மாதிரி எடுப்பேன்: கயிற்றுக்கு வெளியே காற்று வரும் திசையில் ஒன்று, எதிர்த்திசையில் ஒன்று, சாக்கடை ஓரம் ஒன்று, வெடிப்புக்கு முதுகு காட்டிய சுவரின் பின்பக்கம் ஒன்று. கடைக்காரர் அன்று காலை எடைக்கு வாங்கிய சரக்கின் பட்டியலையும் கேட்டு வாங்குவேன். உர மூட்டையின் காலிச் சாக்கு ஒன்று அதில் இருந்தாலே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

நான்காம் படி: மாதிரி எடுப்பது

எடுப்பவர் புதிய கையுறை, ஒருமுறை போட்டுக் கழற்றும் மேலாடை, காலணி மேலுறை போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாற வேண்டும். அன்றைக்கு வெடிபொருளைக் கையாண்டவர் மாதிரி எடுக்கவே கூடாது. செயலிழக்கச் செய்யும் பிரிவினர் இடத்தைக் காட்டலாம், மாதிரியைத் துடைத்தெடுக்கும் பஞ்சைத் தொடக் கூடாது. துடைக்கும் முன் எடுப்பவரின் கையுறை, மேலாடை, பெட்டி மூன்றையும் ஒரு பஞ்சால் துடைத்து, அதையும் ஒரு மாதிரியாக அனுப்ப வேண்டும். "என் கையிலிருந்து வரவில்லை" என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பஞ்சுதான்.

எங்கே துடைப்பது? வெடிப்பின் முகத்தைப் பார்த்திருந்த பரப்புகளில். தகரத் தகடு, ஷட்டர், தராசின் தட்டு. ஆர்டிஎக்ஸ், டிஎன்டி போன்ற கரிமப் பொருட்களுக்கு அசிட்டோன் நனைத்த பஞ்சு, உப்பு வகைகளுக்குத் தூய நீரில் நனைத்த பஞ்சு. பள்ளத்தின் மண்ணை மேலடுக்கு, அடியடுக்கு என்று தனித்தனியாக எடுத்துச் சலிக்க வேண்டும். தீயணைப்பு வண்டியின் தண்ணீர் தேங்கியிருந்தால் அதையும் புட்டியில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் உப்பு வகைகள் நீரில் கரைந்து அங்கே போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பவம் நடந்தால் மேகத்தைப் பார்த்துத்தான் வேலை வரிசையை முடிவு செய்ய வேண்டும். மழைக்கு முன் திறந்தவெளி, பிறகு கூரைக்கு உள்ளே.

ஸ்டான்லியில் இருக்கும் இருவரின் துணிகளை நர்ஸ் கழற்றி ஒரே பையில் போட்டுவிடாமல் சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொருவர் துணியும் தனி உறையில். உயிர்காக்கும் சிகிச்சைதான் முதலில், அதில் பேச்சே இல்லை. ஆனால் வெட்டி எடுத்த சட்டை குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டால் திரும்ப வராது.

ஐந்தாம் படி: கட்டுவது, எழுதுவது

சாதாரண பாலிதீன் பை வழியாகச் சில வெடிபொருட்களின் ஆவி கசியும். ஆகவே நைலான் பை அல்லது சுத்தமான மூடியுள்ள உலோக டப்பா. பின்னணி மாதிரிகள் ஒரு பெட்டியில், சம்பவ இட மாதிரிகள் இன்னொரு பெட்டியில், சந்தேக நபரிடம் எடுத்தவை மூன்றாவதில். மூன்றும் வேறு வேறு வண்டியில் போனால் நல்லது. சந்தேக நபரை ஏற்றிய ஜீப்பில் மண் மாதிரியையும் வைத்துக் கொண்டுபோனால், பின்னால் எந்தக் கருவி எதைச் சொன்னாலும் நம்ப முடியாது.

மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவில், இடம், நேரம், உயரம், யார் எடுத்தார், யார் கட்டினார், எந்த முத்திரை என்று எல்லாம் வர வேண்டும். பொருட்கள் படிவம் 95 வழியாக நீதிமன்றம் போய், அங்கிருந்து கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போவது நம் ஊர் வழக்கம். இடையில் காவல் நிலைய அலமாரியில் எத்தனை நாள் இருந்தது, அதே அலமாரியில் வேறு வழக்கின் பட்டாசு மூட்டை இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

ஆறாம் படி: ஆய்வகத்தில் முதலில் கண்

மாதிரி வந்ததும் கரைசலில் போட்டுவிடக் கூடாது. முதலில் நுண்ணோக்கி. எரியாத கருமருந்துக் குருணை, புகையற்ற துப்பாக்கி மருந்தின் வட்டத் தட்டுகள், காகிதக் குழாய்த் துண்டு, திரி, பேட்டரியின் தகடு, கம்பி முனை எல்லாம் கண்ணாலேயே அடையாளம் தெரியும். ஒரு முழுக் குருணை கிடைத்தால் அதுவே பெரிய வரம்.

உலோகத்துண்டு ரொம்ப நாள் தாங்கும் சாட்சி. துண்டின் கிழிந்த விளிம்பைப் பார்த்து, தகடு எவ்வளவு வேகத்தில் உடைந்தது என்று அனுபவசாலி சொல்வார்.

ஏழாம் படி: நிறச் சோதனை, அதன் எல்லை

டைஃபீனைலமீன் நைட்ரேட்டுக்கு நீலம் காட்டும். ஆனால் குளோரேட் போன்ற மற்ற ஆக்சிஜனேற்றிகளுக்கும் நீலம் காட்டும். கிரீஸ் (Griess) என்ற வேதியியலாளரின் பெயரில் உள்ள கிரீஸ் சோதனை நைட்ரைட்டுக்குச் சிவப்பு. ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு டிஎன்டிக்கு ஊதா. இவை "மேலே தேடு" என்று கை காட்டும் சோதனைகள், அவ்வளவுதான்.

இந்த எல்லையை மறந்ததால் என்ன நடந்தது என்று பாருங்கள். 1974 நவம்பர் 21 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு ஐரிஷ்காரர்கள் கைதானார்கள். அவர்களில் சிலரின் கைகளில் கிரீஸ் சோதனை நேர்மறையாக வந்தது என்று சாட்சியம் சொல்லப்பட்டது. ஐந்து பேர் அன்று ரயிலில் சீட்டு விளையாடிக்கொண்டு போனவர்கள். சீட்டின் பளபளப்புப் பூச்சில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸும் அதே நிறத்தைத் தரக்கூடும் என்பது பின்னால் தெளிவாக்கப்பட்டது. 1991 மார்ச்சில் தண்டனை ரத்தாகி அவர்கள் வெளியே வரும்போது 16 ஆண்டுகள் போயிருந்தன. நம் தெருவில் சீட்டாடாத திண்ணை எது? நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இல்லாத தெரு எது? இதை எழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது.

எட்டாம் படி: கருவிகள்

இங்கே நிதானமாகப் போக வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை முத்திரையிட்டு வைத்துவிட வேண்டும். மறு பாதியை முதலில் கரிமக் கரைப்பானிலும் பிறகு தண்ணீரிலும் கரைத்தெடுக்க வேண்டும்.

கரிமக் கரைசலுக்கு மெல்லடுக்கு குரோமட்டோகிராபி மலிவான, நல்ல தொடக்கம். பூசிய தகட்டில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் உயரத்துக்கு ஏறும். உறுதி செய்ய, மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி. வாயு குரோமட்டோகிராபியோடு இணைத்தால் டிஎன்டி நன்றாகத் தெரியும். பிஇடிஎன், எச்எம்எக்ஸ் போன்ற வெடிபொருட்கள் அந்தச் சூட்டில் சிதையக்கூடியவை, அவற்றுக்குத் திரவ குரோமட்டோகிராபியோடு இணைத்த கருவி நல்லது. மூலக்கூறு நிறை டிஎன்டிக்கு 227, ஆர்டிஎக்ஸுக்கு 222, எச்எம்எக்ஸுக்கு 296, பிஇடிஎன்னுக்கு 316. திரவக் கருவியில் ஆர்டிஎக்ஸ் ஒரு குளோரைடைத் தோளில் ஏற்றிக்கொண்டு 257 என்ற எண்ணில் வரும். எண் மட்டும் பொருந்தினால் போதாது. அதே நாளில் ஓட்டிய தூய ஆர்டிஎக்ஸ் வந்த அதே நிமிடத்தில், அதே உடைந்த துண்டுகளோடு வர வேண்டும்.

நீர்க் கரைசலுக்கு அயனி குரோமட்டோகிராபி. நைட்ரேட், குளோரேட், பெர்குளோரேட், சல்பேட் ஒருபக்கம், அம்மோனியம், பொட்டாசியம், பேரியம் மறுபக்கம். கருமருந்து எரிந்தால் தயோசல்பேட்டும் தயோசயனேட்டும் மிஞ்சும். தெருப் புழுதியில் இவை இரண்டும் சேர்ந்து எளிதில் கிடைக்காது என்பதால் இவற்றுக்கு மதிப்பு அதிகம். பின்னணி மாதிரியின் அளவைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒவ்வோர் எண்ணையும் படிக்க வேண்டும்.

கால்வாய் அயனிகளையும் உண்மையான அம்மோனியம் நைட்ரேட்டையும் பிரிப்பது எப்படி என்று மேலே கேள்வி வைத்தேன் அல்லவா? கரைக்கும் முன்பே ஒரு படிகத் துகள் கிடைத்தால், லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலைமானியில் வைக்க வேண்டும். அம்மோனியம் நைட்ரேட் படிகம் 1043 என்ற அலையெண் அருகில் கூர்மையான உச்சி தரும். எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு அந்தப் படிகத்தின் அடுக்கமைப்பையே சொல்லும். தனித்தனியாகக் கரைந்து கிடக்கும் அயனிகள் அந்த முகத்தைக் காட்டாது. ராமன் கருவியில் மாதிரி அழிவதும் இல்லை.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி துகளின் வடிவத்தையும் அதிலுள்ள தனிமங்களையும் சேர்த்துக் காட்டும். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் அழகான உருண்டைகளாகத் தெரியும். பட்டாசுத் துகளும் உருகி உருண்டையாகத்தான் இறுகும். வடிவம் ஏமாற்றும். சாம்பலில் அலுமினியமும் சிலிக்கனும், பட்டாசில் பொட்டாசியம், குளோரின், சில நேரம் பேரியம் என்று தனிமங்கள் காட்டிக்கொடுக்கும். ராயபுரத்தில் பழைய வீட்டுப் பரண் என்றால் நிலக்கரித் தூளையும் கணக்கில் கொள்ளுங்கள். 2011ல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் வரை அந்தக் கறுப்பு எல்லா வீட்டுக்குள்ளும் வந்தது.

விமான நிலையத்தில் பையைத் துடைத்து ஒரு பெட்டிக்குள் விடுகிறார்களே, அது அயனி நகர்வு நிறமாலைமானி. நானோகிராம் அளவையும் சில நொடிகளில் காட்டும். களத்தில் சல்லடை போடப் பிரமாதமான கருவி, ஆனால் தீர்ப்புக்கு அது மட்டும் போதாது.

பொது விதி: அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு முறைகள் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டு நிறச் சோதனையைச் சேர்த்து இரண்டு என்று எண்ணக் கூடாது.

ஒன்பதாம் படி: ஆய்வகம் தன்னையே சோதிப்பது

1996ல் பிரிட்டனின் அரசு வெடிபொருள் தடய ஆய்வகத்தில் ஒரு மையவிலக்குக் கருவியில் ஆர்டிஎக்ஸ் படிந்திருந்தது தெரியவந்தது. பேராசிரியர் பிரையன் கேடி தலைமையில் விசாரணை நடந்து, பல பழைய வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. உலகத்தரமான கூடத்திலேயே இது நடக்கும் என்றால் எங்கும் நடக்கும். ஆகவே ஒவ்வொரு தொகுதியோடும் வெறும் கரைப்பான், வெறும் பஞ்சு, மேஜையைத் துடைத்த பஞ்சு மூன்றும் அதே பாதையில் ஓட வேண்டும். மூட்டை மூட்டையாக வெடிபொருள் பார்க்கும் அறையும், எச்சம் பார்க்கும் அறையும் ஒன்றாக இருக்கவே கூடாது.

பத்தாம் படி: அறிக்கையைப் படிப்பது

அரசு நிபுணரின் அறிக்கை, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி, அவர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்கப்படலாம். நீதிமன்றம் நினைத்தால் அவரை அழைத்து விசாரிக்கவும் முடியும். ஆகவே ஜூனியர் வக்கீல்களே, அறிக்கை கையில் வந்ததும் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். "கண்டறியப்படவில்லை" என்றால் அந்த முறையின் உணரும் எல்லைக்குள் தெரியவில்லை என்று பொருள், அங்கே இருக்கவே இல்லை என்று பொருளாகாது. "நைட்ரேட் கண்டறியப்பட்டது" என்றால் எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று கேளுங்கள். எந்த இரண்டு முறை? வெற்றுப் பஞ்சின் முடிவு எங்கே? முத்திரை உடையாமல் வந்ததா? துகள் அந்தக் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றி நிபுணர் எதுவும் சொல்லியிருக்கிறாரா, அல்லது விசாரணை அதிகாரி அதைத் தானாகச் சேர்த்துக்கொண்டாரா?

நம் வியாசர்பாடிக் கடைக்கு வருவோம். பள்ளத்து மண்ணில் பெர்குளோரேட்டும் பொட்டாசியமும் அலுமினியமும் தெருவின் பின்னணியைவிடப் பல மடங்கு. ஆர்டிஎக்ஸ், டிஎன்டி இல்லை. நுண்ணோக்கியில் வண்ணக் காகிதக் குழாயும் திரியும். எடைக்கு வாங்கிய பட்டியலில், வெடிக்காமல் போன பழைய பட்டாசு மூட்டை ஒன்று. காஸ் கட்டர் எங்கே கிடந்தது என்பதைச் சம்பவ இடத்து வீடியோவில் பார்க்கலாம். "நாட்டு வெடிகுண்டு" என்று முதலில் சொன்னவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆய்வகத்தில் முத்திரையோடு இருக்கும் அந்தப் பாதி மாதிரியின் எடை அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். கடைக்காரரின் வக்கீல் மறுபரிசோதனை கேட்டு மனுப் போட்டால், எடுத்துக் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.